என் வண்டியின் பின் சீட்

போன வருடம் தை மாதம் நடந்தது இது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இருபது வருடம் போர்வெல் லாரி ஓட்டி, ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, முதுகெலும்பு தேய்ந்ததும் ஊரோடு வந்து வாழை வைத்துப் பிழைக்கிறவன் நான். வண்டி என்று வந்துவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. இப்போதும் அது முழுசாகப் போய்விடவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் மனைவி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர். பதினெட்டு வருட வேலை. அதற்கு முந்தின புரட்டாசியில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போகலாம், ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, உடம்பு அதிகம் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். என்னிடம் இருந்த பழைய மொபெட்டில் போனால் பல்லே ஆடும். குலுங்காமல் கொண்டுபோய் விட ஒரு நல்ல வண்டி இருந்தால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைகளுக்கு யார் முட்டை வேக வைக்கிறார்கள் என்பது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திருச்செங்கோட்டில் பழைய வண்டி விற்கிற ஒரு கன்சல்டிங்கில் எட்டு வருடப் பழைய பைக் ஒன்றைப் பிடித்தேன். விற்கிறவர் நாலு வண்டி காட்டினார். மூன்றைச் சத்தம் கேட்டே தள்ளினேன். நாலாவதை ஆறின இன்ஜினோடு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, புகை பார்த்து, முன் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்து, ஆர்.சி. புக்கை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்துத்தான் முடித்தேன். "ஏனுங்க, பொண்ணுப் பாக்கறவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க" என்று அவர் சலித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது என் வேலை. வளைந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று உயரமான ஹேண்டில்பார் மாட்டினேன். பரமத்தி வேலூரில் சீட் தைக்கிற கடைக்குப் போய், முன்பக்கம் அகலமாக, கெட்டியான ஃபோம் வைத்து, இடுப்பு அமர்கிற மாதிரி குழித்துத் தரச் சொன்னேன். பின்னால் யார் உட்காருவார்கள் என்று கடைக்காரர் கேட்டார். "எங்க ஊட்டுக்காரிதானுங்க. ஏறுறதுக்குச் சுளுவா இருக்கோணும், பின்பக்கம் ரெண்டு விரல்கடை குறைச்சிருங்க" என்றேன். அவங்களையும் ஒருதரம் கூட்டி வந்து உட்கார வைத்துப் பார்க்கலாமே என்றார். அதெல்லாம் எனக்குத் தெரியும் என்று சிரித்தேன். இரண்டு பேர் ஏறினால் வண்டி தொய்யக் கூடாதென்று பின் ஷாக் அப்சார்பரையும் கடைசி வரை ஏற்றி இறுக்கினேன். அவள் சாப்பாட்டுப் பை வைக்க ஒரு பெட்டி மாட்டுவதற்காக, பின்னால் இருந்த கைப்பிடியைக் கழற்றிப் போட்டேன். எல்லாம் அவளுக்காகத்தான். அப்படித்தான் நம்பினேன்.

வண்டி எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஊரில் பார்க்கிறவர்களை எல்லாம் ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்துக் காட்டினேன்.

மூன்று வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன். அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வேலைய உட்டரலாம்னு இருக்கறனுங்க. ஊட்லயே இருந்துக்கறேன்" என்றாள். கடிதமே எழுதி வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டு வண்டியைத் தயார் பண்ணினால், மூன்று மாதம் வீட்டில் இருந்த சுகம் உனக்குப் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அந்த வாரம் புதன்கிழமை நாமக்கல்லில் எனக்குக் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் என் மச்சினனைத் துணைக்கு வரச் சொல்லியிருந்தேன். அவளுடைய தம்பி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. திரும்பும்போது அவன் ஓட்ட, நான் பின்னால் ஏறினேன். வண்டி வாங்கி இத்தனை நாளில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதல் வேகத்தடையிலேயே தூக்கிப் போட்டது. தகரத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி அடி நேராக இடுப்பில் இறங்கியது. பிடிக்கலாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனால் பெட்டிதான் இருக்கிறது. சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வயிறு குலுங்கியது. முன்னால் இருந்தவனோ, "மாமா, என்ன சீட்டுங்க இது! மெத்தையில உக்காந்த மாதரயே இருக்குதுங்க" என்று அனுபவித்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

பரமத்தி தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். நான் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் சேலை கட்டி ஒருபக்கமாக அல்லவா உட்காருவாள்? வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு அதேபோல ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன்.

"ஏனுங்க மாமா, கண்ணுக்குத்தான மருந்து உட்டாங்க?" என்றான் மச்சினன்.

"பேசாம ஓட்டு மாப்ளே."

எதிரே டீக்கடையில் நின்றவர்கள் மீசை வைத்த ஆள் இப்படிப் போவதைப் பார்த்துச் சிரித்தார்கள். மருந்து விட்ட கண்ணுக்கு முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கால் வைக்கிற தகடு உயரத்தில் இருந்ததால் முழங்கால் மேலே ஏறி அடிவயிற்றை அழுத்தியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் தோளை இறுக்கிப் பிடித்தேன். இரண்டு கிலோமீட்டர் கூடத் தாங்க முடியவில்லை. தையல் போட்ட வயிற்றோடு அவள் தினமும் பதினெட்டு கிலோமீட்டர் இப்படி வந்திருக்கிறாள். சாலையோரம் இறங்கி நின்றபோது கண்ணில் தண்ணீர் வழிந்தது. மருந்து என்று மச்சினன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் நேராகக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. சமாதானமாகப் பேசுவாள் என்று பார்த்தால், வெடித்துவிட்டாள்.

"எங்க சொல்றதுங்க? ஊரே வந்து உக்காந்து பாத்து, ஆகா ஓகோன்னுட்டுப் போவுது. நீங்க ஒரு நாளாச்சும் என்னையக் கேட்டீங்களா? மூணு வாரமாப் பல்லைக் கடிச்சுட்டு வந்தனுங்க. அதுக்குமேல முடியல. வேலை புடிக்காமயாங்க உடறேன்னு சொன்னேன்?"

தப்பு என்னுடையது என்று சொன்னேன். கடிதத்தைக் கேட்டேன். தரவில்லை. "வண்டி சரியாகட்டும், பாக்கலாம்" என்றாள்.

மறுநாள் ஆட்டோ வைத்து அவளைப் பரமத்தி வேலூர் சீட் கடைக்கு அனுப்பிவிட்டு, நான் வண்டியில் போனேன். கடைக்காரர் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி அவளை ஏற்றினார். இன்னும் கொஞ்சம் மெத்து வேண்டும், இந்த ஓரம் தொடையை அறுக்கிறது, கைப்பிடி இங்கே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கிற அதே குரல். நடுவில் நான் ஏதோ யோசனை சொல்லப் போக, கடைக்காரர், "நீங்க செத்த சும்மா இருங்க சாமி" என்றார். இருந்தேன். ஷாக்கைத் தளர்த்தினோம். கால் தகட்டை மச்சினன் நாலு விரல்கடை இறக்கி வெல்டு வைத்துக் கொடுத்தான். முன் சீட்டின் குழியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. என் முதுகு அதைத் தாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை அவள் ஏறி உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை என் சட்டைப் பையில் திணித்து, "கிழிச்சுப் போட்டுட்டு வண்டிய எடுங்க, பிள்ளைங்க வந்திருக்கும்" என்றாள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் லாரி ஓட்டிய எனக்கு, என் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளின் சிரமம் அவளைக் கேட்காமலே தெரிந்துவிடும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய திமிர் என்று புரிந்தது. அன்றிலிருந்து யாருக்காக எதைச் செய்தாலும், அவர்களைக் கேட்காமல் ஒரு திருகாணியைக்கூட நான் திருகுவதில்லை.