காந்தக்கா

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நீலப் பாவாடையின் ஓரம் முழுக்க மெல்ல நகர்த்துகிறாள். டிக். குண்டூசி ஒன்று ஒட்டிக்கொள்கிறது. “வந்துட்டான் பாரு!” அதை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் துணியில் அவள் கை படும்.

போட்டுப் பழகிய துணிகளை நீளம் இறக்கியும் அகலம் பிடித்தும் தருகிற தையல் கடை அவளுடையது. தெருவுக்கு அவள் காந்தக்கா. “உங்க பக்கத்துல நின்னா கம்மலே ஒட்டிக்கும்போல” என்று கிண்டல் செய்தால், “தங்கம் ஒட்டாதுங்க. ஒட்டுச்சுன்னா கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அர்த்தம்” என்பாள்.

வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசியவள்தான். போன வருடம், யாரோ தைக்கக் கொடுத்த கவுனுக்குள் மறைந்திருந்த ஊசி கட்டைவிரலில் ஏறியது. ஊசி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், துணியில் பழுப்பாக ஒரு கறை. ரத்தமோ, காபியோ. யாருடைய நோயாவது தொற்றியிருக்குமோ என்று அன்றோடு தூக்கம் போயிற்று. சோப்புப் போட்டுப் போட்டுக் கைத்தோல் வெடித்தது. ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி மறுபடி போனாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

“ஊசி குத்துச்சுன்னு பயந்து, போய்ப் போய் ஊசி குத்திக்கிறியே!” என்று தங்கை சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆனால் தங்கையின் குழந்தையைப் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தூக்கவில்லை. “எனக்குன்னா போகட்டும். அது பச்சமண்ணு.”

கடைசியில் டாக்டரம்மாதான் சொன்னார்: “உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே டெஸ்டுக்கு வராதீங்க, பயம் வந்தா வாங்க. கை கழுவணும்னு தோணுறப்ப, ஒரு மடிப்பு தைச்சிட்டு அப்புறம் போங்க. போகப் போக ரெண்டு மடிப்பு.”

அப்படியே செய்கிறாள். சில நாள் மடிப்பு முடிவதற்குள் பதற்றம் அடங்கிவிடும். சில நாள் மடிப்பே பாம்பாக நெளியும். பிரித்துத் தைப்பாள்.

இன்று பாவாடை பாதியில் இருக்கையில் தங்கை குழந்தையோடு வந்து நின்றாள்.

“கொஞ்சம் பிடி அக்கா. தோளு கழண்டுடும்போல இருக்கு.”

“இரு, கைய மட்டும்...”

“பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு கேக்குது.”

“ஆமா, பேசத் தெரியாத பிள்ள உன்கிட்ட வந்து கேட்டுச்சாக்கும்!”

தங்கை சிரிக்கவில்லை. குழந்தையை நீட்டியபடியே நின்றாள்.

காந்தக்கா மூலையிலிருந்த குழாயைப் பார்த்தாள். எழுந்தாள். இரண்டடி வைத்தாள். பிறகு துணித்துண்டுகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்து, மடியை விரித்தாள்.