அடிஷனல் ஷீட்டும் நூலும்

அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு மேல்படிப்புக்கு இடம் தந்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஒன்பதுக்கு ஆறரை வாங்க வேண்டும். முதல் முறை ஐந்தரைதான் வந்தது. இன்னும் ஒரே ஒரு முறை எழுத மட்டுமே நாள் இருந்தது. அதற்குள் அப்பா, ஆவடி தொழிற்சாலையில் தன் ஷிப்ட் முழுவதற்கும் லட்டு கொடுத்து முடித்திருந்தார். நான் கோட்டை விட்டால் அந்த மனிதர் எந்த முகத்தோடு கேன்டீனுக்குப் போவார்?

வேலப்பன்சாவடியில் ஒரு மாடியில் பயிற்சி வகுப்பு. நகரத்தில் கார்களைக் குறைக்க வேண்டும் என்பதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள், இருநூற்றைம்பது சொற்களில் எழுதுக என்றார்கள். எனக்கு ஒரே குஷி. பப்ளிக் எக்ஸாம் எழுதி எழுதித் தேறிய கை இது. மார்ஜின் போட்டேன். முன்னுரை, முடிவுரை என்று தலைப்பு கொடுத்து, கறுப்பு ஸ்கெட்சால் அடிக்கோடு இழுத்தேன். காரைக் கண்டுபிடித்த கதை, காரின் நன்மைகள், தீமைகள், மரம் வளர்ப்பதன் அவசியம் என்று வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து நின்று அடிஷனல் ஷீட்டும், கட்ட நூலும் கேட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி தந்த மேடம் பூந்தமல்லிக்காரர், கிட்டத்தட்ட என் வயதுதான். ஏழு பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார்.

"எல்லாம் கீதும்மா. நீ இன்னா நெனைக்கிறேன்னு மட்டும் எங்கயும் காணோம்."

"நானா மேடம்?"

"பின்ன நானா? கேள்வி உன்னைத்தான கேக்குது."

இருவரும் சிரித்துவிட்டோம். இத்தனை வருடப் படிப்பில் எந்தக் கேள்வித்தாளும் என் கருத்தைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நோட்ஸில் இருந்ததைத்தான் எழுதியிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குக் கருத்துப் பைத்தியம் பிடித்தது. பஸ் தாமதம், பக்கத்து வீட்டுப் பெயின்ட், எதைப் பார்த்தாலும் ஒரு 'ஐ பிலீவ்', இரண்டு 'பிகாஸ்'. அம்மாவின் ரசத்தைப் பற்றியும் சொன்னேன். மறுநாளிலிருந்து ரசம் என் பொறுப்பாயிற்று.

தேர்வில் வந்த கேள்வி, பிள்ளைகளின் படிப்பைப் பெற்றோர் முடிவு செய்யலாமா என்பது. முதல் வரியிலேயே கூடாது என்று எழுதினேன். உள்ளுக்குள் ஜாலியாக இருந்தது. நாலே பத்தி. கோடு இல்லை, தலைப்பு இல்லை.

ஏழு வந்தது. வீட்டுக்குள் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அப்படி இன்னாதான் எழுதுனே?" என்றார் அப்பா.

சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அதுக்கா ஏழு போட்டான்?"

"ஆமாம்பா."

சேரை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "அங்க எந்தப் பாடம் எடுக்கணும்னு ஃபாரத்துல டிக் பண்ணணுமாமே. நாலு பேர்கிட்ட விசாரிச்சுக்கினு இருந்தேன். உனக்கு எது புடிச்சிருக்கு, சொல்லு."

அப்பா என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் 'ஐ பிலீவ்' என்று ஆரம்பித்துவிட்டு, அப்புறம்தான் தமிழுக்கு மாறினேன்.