ஒரு சாண் ஆழத்து ஈரம்

கையிலிருந்த பலூனை விட்டதும், எங்கள் பக்கத்து வீட்டம்மா அது மேகத்துக்குள் மறையும்வரை கழுத்தை நிமிர்த்தியபடி நிற்கிறார். "போயிட்டு நல்ல சேதியாச் சொல்லு" என்று அதனிடம் சொல்லி அனுப்புவது அன்றாட வழக்கம். அதில் தொங்கும் சிறு பெட்டி, மேலே காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு ஈரத்தோடு போகிறது என்று வானிலை நிலையத்துக்குச் சொல்லும். அங்கேதான் அவருக்கு வேலை; எங்கள் மாடிக்குடித்தனங்களில் அவருக்குப் பெயர் பலூன்காரம்மா.

மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்கமாட்டார். எங்கோ கிடக்கும் கடலைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அது வழக்கத்தைவிடச் சூடேறினால் காற்றின் போக்கு மாறி, நமக்கு வரவேண்டிய மழை அங்கேயே கொட்டிவிடுமாம். "மேகம் கடைய மாத்திக்கிச்சு. நாம கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டுறோம்." இதைக் கேட்டு முடிப்பதற்குள் நான் காயப்போட்ட துணி காய்ந்துவிடும்.

அவருடைய தம்பிக்கு மழையை நம்பிய நிலம். போன வருடம் மழை வழக்கமான அளவு இருக்கும் என்று நிலையம் சொன்னது, அக்காவும் சொன்னார். தம்பி முதல் மழைக்கே விதைத்தார். பிறகு வெயில் வாட்டி எடுத்தது. முளையெல்லாம் கருகிய பின், மிச்ச மழை ஒரே மூச்சாகக் கொட்டித் தீர்த்தது. மொத்த அளவு சரியாக இருந்ததால் அலுவலகத்தில் இவரைப் பாராட்டினார்கள். தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். "மழை பெஞ்சது நெசம். வேண்டிய நேரத்துல பெய்யலையே" என்பார் இவர்.

இந்த வருடம் அந்தக் கடல் குளிர்ந்திருக்கிறது, நமக்கு மழை உண்டாம். முதல் மழைக்கு ஊரே விதைத்தபோது, தம்பி வீம்பை விட்டுவிட்டுப் போன் செய்தார். மேல்காற்று இன்னும் வறண்டுதான் இருக்கிறது, அடுத்த மழைவரை பொறு என்றார் அக்கா. ஊர் சிரித்தது. மறுபடி வெயில் அடித்தது. அடுத்த மழை வராவிட்டால் இந்தப் போகமே போச்சு என்று பலூன்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இன்று காலை மாடிப்படியில் அவர் போன் அடித்தது. அங்கே விடிய விடிய மழையாம். விதைக்கலாமா என்று தம்பி கேட்கிறார்.

"மழைய விடு. ஒரு சாண் தோண்டி, அந்த மண்ண எடுத்து இறுக்கிப் பிடி. உதிராம நின்னாத்தான் ஈரம் எறங்கியிருக்குன்னு அர்த்தம்."

தம்பி தோண்டும்வரை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் வெறுங்கையை இறுக மூடியபடி நின்றார்.

"உதிரலக்கா. உருண்டையா நிக்குது."

"வெதச்சிடு" என்றார். பிறகுதான் மெல்லக் கையை விரித்து, உள்ளங்கையைப் பார்த்தார்.