கிரில்லில் ஏறிய சங்குப்பூ

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அவ்வப்போது யாராவது கேட்டுவிடுகிறார்கள், பால்கனியில் சீக்கிரம் படர்ந்து சீக்கிரம் பூக்கிற கொடி எது என்று. எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் அலுப்பாக இருக்கிறது.

நான் சின்னவளாக இருந்தபோது சென்னை அஸ்தினாபுரத்தில், தெருவைப் பார்த்துக் கிரில் போட்ட வராந்தா உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. கிண்டியில் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கு லீவு என்று அம்மா சொல்லியிருந்தாள். அவ்வளவு நீளமான லீவு எனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் அப்பா நாள் முழுக்க வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு நாள் தள்ளுவண்டியில் செடி விற்றுக்கொண்டு வந்தவரை அம்மா நிறுத்தினாள். பூ என்ன நிறம், வாசனை உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை.

“எது சீக்கிரமா, அடர்த்தியா மூடும்?”

“சங்குப்பூ வெச்சுக்கோக்கா. வுட்டா வூட்டையே மூடிடும்.”

மனுஷன் சும்மா சொல்லவில்லை. அம்மா கிரில்லில் நூல் கட்டிவிட்டாள், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். காலாண்டுப் பரீட்சைக்குள் கிரில் முழுக்கப் பச்சை. அப்பா அதற்குப் பின்னால் கால் நீட்டிப் பேப்பர் படித்தார். அம்மா முகத்தில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

பிறகு அது பூத்துத் தொலைத்தது. எங்கள் பக்கம் சாமிக்குப் பூப்பறிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. நீலச் சங்குப்பூ சிவனுக்கு விசேஷம் வேறு. விடிந்ததும் விடியாததுமாக ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு தெருவே எங்கள் கிரில்லுக்கு வந்தது. சாமி பெயரைச் சொல்லி வருகிறவர்களை விரட்டவா முடியும்? அவர்கள் போகும்வரை அப்பா உள்ளேயே இருந்துவிட்டு அப்புறம்தான் வராந்தாவுக்கு வருவார்.

பிரதோஷத்தன்று எதிர்வீட்டு அக்கா சாயங்காலப் பூஜைக்கென்று முற்பகலில் வந்தார். கீழே எட்டுகிற பூவெல்லாம் தீர்ந்திருந்தது. உள்பக்கப் பூவுக்காக இலைகளை விலக்கினார். கைக்கெட்டும் தூரத்தில் அப்பா.

“ஐயோ, இன்னா சார், டெய்லி வீட்லயே இருக்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

பாவம், அவர் அக்கறையாகத்தான் கேட்டார். அப்பா பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார். “லீவுங்க” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

“கேட்டிருந்தா நானே பறிச்சுக் குடுத்திருப்பேனேக்கா” என்று சொல்லிக்கொண்டே விலகிய இலைகளை இழுத்து மூடினாள். பூவுக்குப் போய் இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் பாக்ஸுமாகக் கிளம்பினார். கிரில்லில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் காலேஜ் போன பிறகுதான் அம்மா சொன்னாள். குரோம்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் ரயில்களைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு எழுந்து வருவாராம்.

அப்போது எனக்கு ஒரே குஷி. சாயங்காலம் வரும்போது ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொண்டுவருவார். ஆபீஸில் கொடுக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

“நாளைக்கு ரெண்டா கேட்டு வாங்கிட்டு வாங்கப்பா” என்று அடம்பிடித்தேன்.