வெறும் பெட்டிக்கு ஒரு மேளம்

கீரமங்கலத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன்கள் நானும் என் தம்பியும். தோடு, பட்டுப்பாவாடை, ஆட்டுக்கிடா, பழத்தட்டுகள் என்று சீர் கொண்டுபோவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கள் பக்கம் ஃப்ரிட்ஜ் இல்லாமல் சீர் நிறைவதில்லை. தங்கை வீட்டிலோ ஏற்கெனவே ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"இன்னொன்னு எதுக்கும்மா?" என்று போனில் கேட்டேன்.

"எனக்கு எதுக்குண்ணே? வைக்க எடங்கூட இல்ல" என்றாள்.

அந்தப் பணத்தில் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குக் காற்று மெத்தை வாங்குவது என்று அன்றே தம்பியும் நானும் முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீரனூரிலிருந்து திருவரங்குளம் பக்கமுள்ள ஓர் இல்லத்துக்குப் போவேன். படுத்த படுக்கையானவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைக்கும் வேலை. அங்கே முன்பு லாரி ஓட்டிய ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகில் படுக்கைப்புண் குழியாகிவிட்டது. காற்று மெத்தை இருந்தால்தான் ஆறும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். தம்பி புதுக்கோட்டையில் கடை வைத்திருக்கிறான். மெத்தை விற்கும் இடமும் அதே தெருதான். அதனால் என் பங்கையும் அவனிடமே கொடுத்தேன்.

"நான் பாத்துக்கிறேண்ணே" என்றான்.

பார்த்துக்கொண்டான்.

காதுகுத்தன்று கோயில் வாசலில் இறங்கியதும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஆளுயர ஃப்ளெக்ஸில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ, அதன் மேல் ரிப்பன் கட்டிய ஃப்ரிட்ஜ் பெட்டி. முன்னால் செண்டை மேளம், சரவெடி. பெட்டியில் கை வைத்தேன். ஆடியது.

"அமுக்காதண்ணே, உள்ள ஒண்ணும் இல்ல" என்றான் தம்பி என் காதருகே. "கடைக்காரரு நமக்கு வேண்டியவரு, பெட்டிய மட்டும் குடுத்தாரு. காத்துல சாயுதேன்னு நாலு செங்கல வச்சிருக்கேன்."

"ஏர் பெட்டு எங்கடா?"

"மேளத்துக்கும் வெடிக்குமே சரியாப் போச்சு. அத மெதுவா வாங்கிக்கலாம்ணே. ஊரு முன்னாடி வெறுங்கைய வீசிட்டா போறது?"

நான் பதில் சொன்னேன். வெடிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று சீர் அங்கேயே நின்றிருக்கும்.

மண்டபத்தில் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டார்கள். மாமன் எழுந்து கத்த முடியாது. ஆசாரி ஊசியை எடுத்தார், குழந்தை வீரிட்டது, மைக்கில் ஒருவர் "தாய்மாமன் சீர், டபுள் டோர் ஃப்ரிட்ஜ்!" என்று முழங்கினார். தங்கையின் மாமியார் குழந்தையின் கண்ணைத் துடைக்கக் குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது வெறும் பெட்டிங்க அத்தை."

"தெரியுமேப்பா. ரெண்டு பயலுக தூக்குறப்பவே பாத்தேன். போன வருசம் எங்க மூத்தவ மகளுக்கு வந்த வாஷிங் மிஷினும் பெட்டிதான். ஊரு பாத்துச்சுல்ல, பெறகென்ன?"

பொருளாசை என்றால்கூட எனக்குப் புரியும். ஆசைப்பட்டார்கள், வாங்கினார்கள் என்று விட்டுவிடலாம். இங்கே ஃப்ரிட்ஜ் யாருக்குமே வேண்டாம். தங்கைக்கு வேண்டாம், மாமியாருக்கு வேண்டாம், வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அது பெட்டிதான் என்று தெரியும். அட்டையும் செங்கல்லும் தெருவைச் சுற்றி வருவதற்காக, எழுந்து உட்கார முடியாத ஒரு மனிதனின் மெத்தையை வெடித்துத் தீர்த்திருக்கிறோம். அதற்குக் கும்பிட்டு நன்றி சொல்வது என் முகம்.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போனேன். லாரிக்காரர் கேட்டார்: "மெத்த வந்துருச்சுங்களா?"

"இன்னும் வரலைங்க" என்றேன். மெத்தை வரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால்தான் புரட்ட வேண்டும். தனியாளாகப் புரட்டினால் அவருக்கு வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போனில் கூப்பிட்டான். "இன்னும் கோவமாண்ணே?"

"ஆமா. வந்து ஒரு பக்கம் புடி."

"அங்கிட்டு இந்நேரத்துக்கு ஏதுண்ணே பஸ்ஸு?"

"செங்கல் ஏத்திட்டு வந்தியே லோடு ஆட்டோ, அதுல வா. மேளம் வேணாம்."

போனை வைத்துவிட்டு அவரை வலப்பக்கமாகத் திருப்பினேன்.