ரெண்டு வீட்டு மாப்பிள்ளை

சட்டத்துறை ஆலோசகரான அவருக்குச் சபை உறுப்பினர்கள் வைத்த பெயர் ‘ரெண்டு வீட்டு மாப்பிள்ளை’. காலையில் அமைச்சருக்கு யோசனை சொல்வார். மத்தியானம் சட்டசபையில் சபாநாயகருக்குப் பின்னால் உட்கார்ந்து, அதே அமைச்சரை எப்படி மடக்கலாம் என்று யோசனை சொல்வார். சபைக்கென்று தனி வக்கீல் கிடையாது. அரசு இரவல் கொடுத்தால்தான் உண்டு. காலையில் தானே மூடிவைக்கச் சொன்னதை மத்தியானம் எந்த முகத்தோடு திறந்து காட்டுவது? மனுஷன் மென்று விழுங்குவார். உறுப்பினர்கள் சிரிப்பார்கள்.

“ரெண்டு வீட்டு மாப்பிள்ளைன்னா விருந்தாவது ரெண்டு இடத்துல கிடைக்கணும். உங்களுக்கு ரெண்டு வீட்டுலயும் வசவுதான்,” என்பாள் மனைவி.

ஒருமுறை சபையும் அரசும் மோதிக்கொண்டு நீதிமன்றம் போனபோது, இரு தரப்பு மனுக்களையும் இவரே எழுத வேண்டி வந்தது. “ரெண்டும் ஒரே கையெழுத்து மாதிரி இருக்கே?” என்று நீதிபதி கேட்க, கூடமே சிரித்தது. அன்றைக்குத்தான் அவருக்கு ரோஷம் வந்தது. நேரே சபாநாயகரிடம் போனார்.

“சபைக்குன்னு தனியா ஒரு சட்ட அலுவலகம் வேணுங்க ஐயா. அரசாங்கத்தோட கை படாத அலுவலகம். மசோதாவை நானே எழுதித் தரேன்.”

“எழுதுங்க மாப்பிள்ளை. அங்க தலைமைக்கு உங்களை விட்டா வேற யாரு?”

அந்த ஒரு வார்த்தையை நம்பி மாடாய் உழைத்தார். புதிய செலவுக்கு அரசின் முன்சம்மதம் வேண்டும், கேட்டால் கிடைக்காது. ஆகவே அந்தச் செலவைச் சபை நூலகத்தை விரிவாக்கும் பிரிவுக்குள் யார் கண்ணிலும் படாமல் செருகினார். அரசுக்கு யோசனை சொன்ன எவரும் இந்த அலுவலகத்தில் சேரக் கூடாது என்றும் எழுதினார். அது அவரையும் தடுக்கும். ‘இப்போது சபைக்குப் பணிபுரிபவர் நீங்கலாக’ என்று நாலு வார்த்தை சேர்த்திருக்கலாம். தனக்குத் தானே பந்தி பரிமாறுவதா என்று கூச்சம். சபாநாயகர் சேர்த்துவிடுவார் என்று இருந்துவிட்டார்.

மசோதா சபைக்கு வந்தது. பின் நாற்காலிக்காரர் கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது, சொந்தக் காரியம் பேசவே கூடாது என்பது அங்கே விதி. அரசுக்கு யோசனை சொன்னவர்களைத் தடுக்கும் பிரிவு வாசிக்கப்பட்டதும் சபாநாயகர் பாதி திரும்பினார்.

“இதுல சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?”

கண்ணில் சிரிப்பு இருந்தது. எல்லாம் தெரிந்தேதான் கேட்டார், பாவி.

“இல்லீங்க ஐயா.”

மசோதா நிறைவேறியது. பதவி சபாநாயகரின் மகளைக் கட்டியவருக்குப் போனது. “நிஜ மாப்பிள்ளையே வந்தாச்சு,” என்று உறுப்பினர்கள் இவர் காதுபடவே சொன்னார்கள்.

மறுவாரமே அமைச்சர் கூப்பிட்டு அனுப்பினார். “நீங்க கட்டின வீடுதானே? எந்தச் செங்கல்லு ஆடும்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

வயிறு எரிந்துகொண்டிருந்தது. காட்டிக்கொடுத்தார். அரசு அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட, அதன் தரப்பில் தானே நின்று வாதாடி, தான் ஒளித்துவைத்த செலவைத் தானே வெளியே இழுத்துப் போட்டார். நிஜ மாப்பிள்ளை திருதிருவென விழித்தார். சட்டம் முழுவதும் செல்லாது என்றது நீதிமன்றம். அன்று ஆலோசகர் தன் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி பரிமாறினாள், ஆனால் கிண்டல் எதுவும் பண்ணவில்லை.

தனி அலுவலகம் இல்லாமல் போனதால் அரசு மறுபடி அவரையே சபைக்கு இரவல் கொடுத்தது. சபாநாயகர் நாற்காலியை முழுசாகத் திருப்பிக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்.

“மேல்முறையீடு பண்ணினா ஜெயிக்குமா?”

ஜெயிக்கும். செலவுப் பிரிவை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றித் தரும்படி நீதிமன்றத்திடம் கேட்டால், சட்டம் பிழைத்துவிடும். அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

“அதை நான் சொல்லக் கூடாதுங்க ஐயா. எதிர்த்தரப்பு வக்கீலே நான்தான்.”

“அப்ப நாங்க யாரைத்தான்யா போய்க் கேக்குறது?”

மேல்முறையீட்டுக்கான கெடு முடியும்வரை அவர் தினமும் வந்து, அதே நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.