பெரிய டீச்சரின் குரல்

பெரிய டீச்சர் தெருவில் இறங்கினால், மீசை நரைத்த ஆண்கள்கூடச் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்று வருடக்கணக்காகிறது. ஆனாலும் அந்த ஆரம்பப் பள்ளியில் படித்தவர்களுக்கு அவர் இன்னும் தலைமையாசிரியைதான். மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவார். இரண்டாம் வகுப்பில் வாங்கிய அடியை, வங்கிக் காசாளர் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். டீச்சரும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்ததும், கழற்றிய செருப்பைப் பார்த்தபடியே வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

கூட இருக்கும் தங்கைக்கு இது வேடிக்கை. "ஊரே உன்னைப் பாத்து நடுங்குது. நீ என்னடான்னா பக்கத்து வீட்டு வாண்டைப் பாத்துப் பயப்படுற!" என்பாள்.

அது உண்மைதான். தன்னைக் கண்டதும் ஒரு குழந்தை பேச்சை நிறுத்தினால் டீச்சர் பதறிப்போய்க் கிட்டே ஓடுவார். "நிறுத்தாதே கண்ணு, பேசு, பேசு" என்று கெஞ்சுவார். அவர் கெஞ்சுவதைப் பார்த்து அது இன்னும் மிரளும்.

ஒரு காலத்தில் அந்த அமைதிக்காகவே பாடுபட்டவர் அவர். அவருடைய அப்பா தபால்காரர், வாயில்லாப் பூச்சி. வழியில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவரை ஏய்த்துவிட்டுப் போனான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பிள்ளைகள் டீச்சரின் தலைமேல் ஏறி உட்கார்ந்தபோது, அப்பாவின் கதி தனக்கும் வந்துவிட்டது என்று பயந்துபோனார். அடுத்த திங்கட்கிழமை பிரம்போடு போனார். வகுப்பு கப்சிப் என்று ஆனது. அந்த ருசி அவரை விடவில்லை.

கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சலில் சுருண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அவரிடம் படித்துவிட்டு வாசிக்கத் தெரியாமல் வெளியே போன பிள்ளை கிடையாது. ஆனால் சட்டம் சட்டம்தான். வருகைப் பதிவில் ஒரு பெயரை ஒருமுறைதான் கூப்பிடுவார். உடனே "உள்ளேன் டீச்சர்" வரவேண்டும். வராவிட்டால் உள்ளங்கையில் அடி, அப்புறம் வெளியே வெயிலில் நிற்கவேண்டும். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களா? தண்ணீர் குடிக்கப் போன தோழிக்காகப் பக்கத்தில் இருப்பவள் குரல் கொடுத்துவிடுவாள். பள்ளிக்கூடம் முழுக்க நடந்த வியாபாரம் இது. டீச்சருக்கு மட்டும்தான் தெரியாது.

தலைமையாசிரியை ஆன பிறகு ஒருமுறை, மூன்றாம் வகுப்பை நீர்த்தேக்கத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார். மாலை திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதும் பெயர்களைக் கூப்பிட்டார். எல்லாப் பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" வந்தது. உயரமான இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த தலைகள் அவருக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பி, பெரிய சாலையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டது. கடைசி இருக்கையில் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி விக்கி விக்கி அழுதாள்.

"என்னம்மா? வயித்து வலியா?"

அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. வகுப்பிலேயே சின்ன உருவம், எல்லாரும் குருவி என்று கூப்பிடும் பெண்ணின் இடம் அது.

"நான்தான் டீச்சர் அவளுக்கும் சேத்து சொன்னேன். ஓடி வந்துருவான்னு நெனச்சேன்."

டீச்சர் டிரைவரிடம் ஓடினார். "வண்டியைத் திருப்புங்க!" என்று அலறினார்.

நீர்த்தேக்கத்தின் படித்துறையில் குருவியின் செருப்பு ஒன்று கிடந்தது. ஒற்றைச் செருப்பு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. குழந்தையின் அம்மா காலையில் பள்ளி வாசலில் நின்று, "பத்திரமா கூட்டிட்டு வந்துருங்க டீச்சர்" என்று சொன்னது டீச்சரின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உங்களிடம் விட்டால் கவலையே இல்லை என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

வகுப்பையே உலுக்கும் குரலில் டீச்சர் கூப்பிட்டார். பூங்காவில் கூப்பிட்டார், கழிப்பறைகளைத் திறந்து பார்த்துக் கூப்பிட்டார், கரையோரமாக ஓடிக்கொண்டே கூப்பிட்டார். கரையின் கோடியில் தண்ணீரை ஒட்டி இருந்த மோட்டார் அறைப் பக்கமாகப் போய், தொண்டை கிழியக் கத்தினார். அடியே, எங்கேடி போனாய், பதில் சொல்லேன் என்று மனதுக்குள் கதறினார். வாயில் வந்ததோ அதட்டல்தான். அவருக்கு வேறு குரல் பழக்கமில்லை.

பின்னாலேயே ஓடிவந்த டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் கூப்பிடாம இருங்க."

"என்னய்யா சொல்றீங்க?"

"எம் பையனும் உங்ககிட்டதான் படிச்சான். உங்க குரல் வாசல்ல கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருவான். கூப்பிட்டா வரமாட்டான், இன்னும் உள்ளதான் போவான்."

வேறு நேரமாக இருந்தால் டீச்சர் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். இப்போது வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் இரட்டைச் சடைக்காரியைக் கூட்டி வந்தார்.

"ஏய் குருவி! நான்தாண்டி! வாடி, வீட்டுக்குப் போலாம்."

மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "டீச்சர் போயிட்டாங்களா?"

சுவரைத் தடவிக்கொண்டே குருவி வெளியே வந்தாள். இரண்டு காலிலும் செருப்பில்லை. டீச்சரைக் கண்டதும் அப்படியே நின்றாள். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், கண்களை இறுக மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே தெரியும்படி.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்தார். அது விறைத்துப்போயிருந்தது. கத்திக் கத்திக் கட்டிப்போன குரலில் மெதுவாகக் கேட்டார்.

"நான் கூப்பிட்டது கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு டீச்சர். ஒரு செருப்பைத் தண்ணில விட்டுட்டேன், அதுக்கு அடிப்பீங்கன்னு ஒளிஞ்சிக்கிட்டேன். நீங்க கூப்பிடக் கூப்பிட இன்னும் தள்ளித் தள்ளிப் போனேன்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சுவரை ஒட்டி, ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்கு ஒரு விளிம்பு ஓடியது. அதன் கோடியில், சிமெண்டில், குழந்தையின் ஈரக் காலடி பதிந்திருந்தது. இன்னும் ஒருமுறை கூப்பிட்டிருந்தால் அவள் தள்ளிப் போக அங்கே இடமில்லை. கீழே தண்ணீர்தான் இருந்தது.